தகரக் கூரை கழற்றப்படும் முன்: ஒரு தோட்டக் கோவில் மண்டபத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஐ.ஆர்.) பதிவு, நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலம் ஆகிறது. தொழிலாளர் லயங்களில் (வரிசை வீடுகளில்) பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபோய்விட்டன. வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் ஆண்டுத் திருவிழாவுக்கும் மட்டும் எல்லாரும் தோட்டத்துக் கோவிலுக்கே திரும்பி வருகிறார்கள். அந்தக் கோவிலுக்குத் திருப்பணி முடிவாகியிருக்கிறது. தகரக் கூரையைக் கழற்றிக் கான்கிரீட் தளம் போடுவார்கள். பக்கவாட்டு அரைச்சுவரும் அதன்மேல் உள்ள கம்பித் தடுப்பும் போய் முழுச்சுவர் எழும். கட்டடம் உறுதியாகும், மண்டபத்தின் முழக்கம் வேறாகிவிடும்.

கோவிலின் பஜனைக் குழு கும்பாபிஷேகத்துக்கு ஒரு பாடல் தொகுப்பு வெளியிட விரும்பியது. பதிவு பட்டணத்துக் கடைவரிசையின் மாடியறை ஒன்றில். குழுத் தலைவர் கேட்டது ஒன்றுதான்: "நம்ம கோயில்ல உக்காந்து கேக்குற மாதிரி இருக்கணும் தம்பி."

கோவிலிலேயே பதிவு செய்யலாமே என்றால், முடியும், ஆனால் ஒரு பாட்டு முழுதாகத் தேறுவது கடினம். மழை பிடித்தால் தகரத்தின் இரைச்சலில் பாடுகிறவரின் குரல் அவருக்கே கேட்காது. அந்தி சாய்ந்தால் சிள்வண்டு. தொலைவில் ஈப்போ, கோலகங்சார் வழித்தடத்தில் ரயில். மண்டபத்துக் காற்றாடியை நிறுத்தினால் ஜால்ரா பிடிப்பவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. எனவே குரலையும் வாத்தியத்தையும் மாடியறையில் டிரையாக, அதாவது முழக்கம் எதுவும் சேராமல் பதிந்து, மண்டபத்தை மட்டும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸாக (ஐ.ஆர்.: ஒற்றைத் தட்டுக்கு மண்டபம் தரும் பதிலொலி) எடுத்து வந்து, அந்தப் பதிலொலியை டிரை பதிவின்மேல் ஏற்றும் கன்வல்யூஷன் ரிவர்ப் வழியாகச் சேர்ப்பது என்று முடிவானது.

எதைப் பிடிக்கிறோம்

கன்வல்யூஷன் ரிவர்ப் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரை ஒலியின் ஒவ்வொரு சாம்பிளும் (விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கப்படும் ஒலி அளவு) ஐ.ஆர். முழுவதையும் தன் அளவுக்கு ஏற்ப ஒருமுறை எழுப்புகிறது; எழுந்தவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. 48 கிலோஹெர்ட்ஸில் 1.8 விநாடி ஐ.ஆர். என்றால் 86,400 சாம்பிள். நேரடியாகக் கணக்கிட்டால் ஒரு சேனலுக்கு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 415 கோடி பெருக்கல். அதனால்தான் மென்பொருள்கள் எஃப்.எஃப்.டி. முறையில் (ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்கை விரைவாக்கும் முறை), ஐ.ஆர்.-ஐத் துண்டு துண்டாக வெட்டிச் செய்கின்றன. முதல் துண்டுகளைச் சின்னதாகவும் பின்துண்டுகளைப் பெரிதாகவும் வைத்தால் தாமதமே இல்லாமல் செய்யலாம் என்று வில்லியம் கார்ட்னர் 1995-இல் காட்டினார். 1999-இல் இதே வேலையைச் செய்யும் தனிக் கருவி சோனி டி.ஆர்.இ.-எஸ்777 என்ற பெட்டியாக வந்தது. இன்று சாதாரண மடிக்கணினி ஒரே நேரத்தில் பல ஐ.ஆர்.களை ஓட்டுகிறது.

கணக்கு எளிதாகிவிட்டதால் தவறு வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஐ.ஆர். கோப்பு ஒன்றை ஏற்றியதும் "மண்டபம் வந்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறோம். கோப்புக்குள் இருப்பதோ, ஓர் இடத்தில், ஒரு திசை பார்த்து நின்ற ஸ்பீக்கரிலிருந்து இன்னோர் இடத்து மைக்குக்கு ஒலி வந்து சேர்ந்த வழி மட்டும். இரண்டில் ஒன்றை ஒரு மீட்டர் நகர்த்தினாலும், ஸ்பீக்கரைத் திருப்பினாலும், அது வேறு ஐ.ஆர். இந்தப் பணியில் நல்ல விளைவைத் தந்த முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறந்தன.

மண்டபம்

நீளம் 18 மீட்டர், அகலம் 10. கூரை ஓரத்தில் 4 மீட்டர், முகட்டில் 6. சராசரி 5 என்று கொண்டால் 900 கன மீட்டர். தரை டைல்ஸ். இருபுறமும் அரைச்சுவருக்கு மேலே திறப்பு; இரண்டும் சேர்ந்து சுமார் 60 சதுர மீட்டர். திறப்பு வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே அந்த 60 முழுவதும் உறிஞ்சும் பரப்பு. தகரம், டைல்ஸ், சுவர் எல்லாம் சேர்த்து இன்னொரு 20. முழக்க நேரத்தை (ஒலி 60 டெசிபெல் இறங்க ஆகும் நேரம்) கணக்கிடும் வாலஸ் சாபினின் வாய்ப்பாட்டில் போட்டால் 0.161 × 900 ÷ 80, அதாவது 1.8 விநாடி. பிறகு அளந்தபோதும் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதே அளவுதான் வந்தது.

இன்னொரு கணக்கும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. நேரடி ஒலியும் முழக்கமும் சமமாகும் தூரம்: 0.057 பெருக்கல், கன அளவை முழக்க நேரத்தால் வகுத்ததன் வர்க்கமூலம். இங்கே 1.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மைக் அதற்குள் இருந்தால் பதிவில் ஸ்பீக்கர்தான் இருக்கும், மண்டபம் இருக்காது. இந்தப் பணியில் மைக் 3 மீட்டர் தள்ளி வைக்கப்பட்டது.

ஸ்பீக்கர் யாரைப் பார்க்க வேண்டும்

ஐ.ஆர். எடுப்பது பற்றி எங்கே படித்தாலும் படம் ஒன்றுபோலவே இருக்கும்: மேடையில் ஸ்பீக்கர், அரங்கில் மைக், இரண்டும் நேருக்கு நேர். கச்சேரி அரங்குக்கு அது சரி. கோவிலில் பஜனைக் குழு மக்களைப் பார்த்துப் பாடுவதில்லை, மூலஸ்தானத்தைப் பார்த்துப் பாடுகிறது. கேட்பவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேராக வருவது பாடகரின் முதுகுப்பக்கத்து ஒலி, உயர் அதிர்வெண்கள் மங்கியது. பளிச்சென்ற குரல் மூலஸ்தானத்துச் சுவரில் பட்டுத் திரும்பித்தான் அவர்களை அடைகிறது.

ஆகவே ஸ்பீக்கர் மூலஸ்தானத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. கோவில் நிர்வாகப் பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, ஆளுங்க பக்கம் திருப்பலையா?" என்று கேட்டார். குழு எந்தப் பக்கம் பார்த்துப் பாடும் என்று திருப்பிக் கேட்டதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குழு உட்காரும் இடத்தைத் தரையில் அவரே விரல் வைத்துக் காட்டினார்.

எண்களில் பார்த்தால் இப்படி: ஸ்பீக்கர் சுவரிலிருந்து 4 மீட்டர், மைக் ஸ்பீக்கருக்குப் பின்னால் 3 மீட்டர். நேரடி ஒலிக்குப் பாதை 3 மீட்டர். சுவரில் பட்டு வருவதற்கு 4 + 4 + 3, அதாவது 11. வித்தியாசம் 8 மீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். எனவே சுவரின் பதில் 23 மில்லிவிநாடி பிந்தி வருகிறது. காதுக்கு அது தனி எதிரொலியாகக் கேட்காது; குரலோடு ஒட்டிக்கொண்டு, குரல் முன்னாலிருந்து விரிந்து வருவதுபோல் தோன்றச் செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்பீக்கரை மைக் பக்கம் திருப்பியும் ஓர் அளவீடு எடுக்கப்பட்டது. அதில் பாடகரின் டிரை குரலை ஓட்டியபோது அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது மேடைக் கச்சேரி. குழுவினர் எந்த விளக்கமும் இல்லாமல் முதலாவதைத்தான் "நம்ம கோயில்" என்றார்கள்.

மூலஸ்தானத்தின் கதவு திறந்திருக்கவும் வேண்டும். மூடிய கதவு வெறும் பலகை. திறந்திருந்தால் உள்ளே இருக்கும் சின்ன அறை தனக்கென ஒரு முழக்கத்தைச் சேர்க்கிறது. பாடல் ஒலிக்கும் வேளையில் கதவு திறந்திருக்கும் என்பதால் அளவீடும் அப்படியே. இதற்குப் பூசாரியின் சம்மதம் முதலில் வேண்டும். நிர்வாகத்திடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் வேலை வாசலிலேயே நின்றுவிடும்.

இன்னொரு முடிவு: ஒரே ஐ.ஆர். போதாது. முதன்மைப் பாடகர், பின்பாட்டுக் குழு, மிருதங்கம், கொடிமரத்தருகே நிற்கும் தவில் என்று நான்கு இடங்கள். மைக்குகள் அசையாமல் அதே இடத்தில் இருக்க, ஸ்பீக்கர் மட்டும் இடம் மாறியது. ஒவ்வொன்றும் மோனோவில் போய் ஸ்டீரியோவில் வரும் ஐ.ஆர். "ட்ரூ ஸ்டீரியோ" என்ற நான்கு சேனல் முறை முழுக் கலவையை ஒரே ரிவர்ப்பில் போடுவதற்கு உதவும். இங்கே ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கில் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த இடத்தைக் கொடுப்பதே சிறந்தது. தவிலுக்கு ஸ்பீக்கரை நேராக வைக்கக்கூடாது. அதன் இரு முகங்களான வலந்தலையும் தொப்பியும் இடம் வலமாக ஒலிப்பவை; ஸ்பீக்கரை வலப்பக்கம் திருப்பி ஒன்று, இடப்பக்கம் திருப்பி ஒன்று என இரண்டு எடுத்து, தவிலின் இரண்டு மைக் டிராக்குகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.

அளவீடு

கருவிகள் சாதாரணமானவை. 8 அங்குல ஸ்டூடியோ ஸ்பீக்கர் ஒன்று, எல்லாத் திசையும் கேட்கும் சின்ன கண்டென்சர் மைக் இரண்டு 40 சென்டிமீட்டர் இடைவெளியில், இரு உள்ளீடு உள்ள ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), மடிக்கணினி, பேட்டரியில் ஓடும் கணினிக்குத் தவிர மற்றவற்றுக்கு நீட்டுவயர். ஸ்பீக்கரின் நடுப்பகுதியும் மைக்கும் தரையிலிருந்து 1.1 மீட்டர். பாடகர்கள் தரையில் உட்காருபவர்கள் ஆதலால் அதற்கு மேல் உயர்த்தக்கூடாது.

பலூன் உடைப்பதும் கை தட்டுவதும் மண்டபத்தை மோப்பம் பார்க்க மட்டுமே உதவும். பலூனில் தாழ் அதிர்வெண் போதாது, ஒவ்வொரு முறையும் ஒலி ஒருமாதிரி இருக்காது. ஏஞ்சலோ ஃபரினா 2000-இல் பாரிஸில் நடந்த ஏ.இ.எஸ். (ஒலிப் பொறியியல் சங்கம்) மாநாட்டில் விளக்கிய அடுக்கேறும் ஸ்வீப் முறைதான் இன்று எல்லாரும் செய்வது. தாழ்விலிருந்து உச்சத்துக்கு மெல்ல ஏறும் ஒரு சுருதியை ஒலிக்கவிட்டுப் பதிந்து, பிறகு கணக்கால் அதை ஒற்றைத் தட்டாகச் சுருக்கிக்கொள்வது.

இங்கே 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை 20 விநாடி ஸ்வீப், முடிவில் 5 விநாடி அமைதி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கினால் 8 அங்குலக் கோன் வீணாகத் துடிக்குமே தவிர ஒலி வராது. ஸ்வீப்பின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலுக்கு மேலே 3 டெசிபெல் கிடைக்கும். நீளமான ஸ்வீப்புக்கு இன்னொரு பயன்: ஸ்பீக்கரின் உருக்குலைவு (அது தானாகச் சேர்க்கும் ஹார்மோனிக் என்ற மடங்கு அதிர்வெண்கள்) ஐ.ஆர்.-இல் கலக்காமல் அதற்கு முன்னாலேயே தனியாக விழும். இந்த ஸ்வீப்புக்கு இரண்டாம் ஹார்மோனிக் 2.2 விநாடி முன்னாலும், மூன்றாவது 3.5 விநாடி முன்னாலும் வந்து நிற்கும். கத்தரியால் வெட்டிப் போட்டுவிடலாம்.

ஒலிப்பதும் பதிவதும் ஒரே இண்டர்ஃபேஸில் நடக்க வேண்டும். கைப்பேசியில் ஸ்வீப் ஒலித்து, வேறு ரெக்கார்டரில் பதிந்தால் இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. 20 விநாடியில் சேரும் சிறு வித்தியாசமே உயர் அதிர்வெண்களைச் சிதறடித்து, தட்டு கூர்மையாக இல்லாமல் "ஸ்விஷ்" என்று இழுக்கும்.

சிக்கல்கள் மூன்று பெரியவை.

முதலாவது மணி. மண்டபத்தில் தொங்கும் வெண்கல மணியின் நாக்கைத் துணியால் கட்டிவைத்தார்கள். போதவில்லை. ஸ்வீப் மணியின் சுருதியைக் கடக்கும்போது மணியின் உடலே சேர்ந்து அதிர்ந்தது. அதோடு எடுத்த ஐ.ஆர்.-இல் எந்தப் பாட்டை ஓட்டினாலும், அந்தச் சுருதி வரும்போதெல்லாம் மெல்லிய ரீங்காரம் பின்தொடரும். உடலைச் சுற்றிக் கனத்த துண்டை இறுகக் கட்டிய பிறகே நின்றது. குத்துவிளக்கின் தட்டுகள், தட்டத்தில் கிடந்த தீபக்கால் எல்லாவற்றையும் இதேபோல் பார்க்க வேண்டும். ஸ்வீப்பை ஒருமுறை சும்மா ஓட்டிவிட்டு ஒருவர் மண்டபத்தைச் சுற்றி நடந்து காது கொடுத்தாலே எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஆணி தளர்ந்த தகரத் தகடு. தாழ்சுருதியில் அது கிடுகிடுவென்று ஆடியது. மணி அதிர்வதும் இதுவும் ஒன்றல்ல. மணி ஒலிக்கு ஏற்ற அளவில் அதிர்கிறது, ஐ.ஆர். அதை உள்ளபடி பதிந்துகொள்ளும். தகடு ஓர் அளவுக்கு மேல் ஒலி போனால் மட்டும் ஆடும். இப்படி அளவுக்கு அளவு மாறும் எதையும் கன்வல்யூஷன் உள்வாங்காது. கோப்பில் அது உருக்குலைவாகவும் கரகரப்பாகவும் சிதறிப் போகும். தகட்டுக்குக் கீழே மூங்கிலை முட்டுக்கொடுத்து, ஸ்பீக்கரையும் 6 டெசிபெல் இறக்கியதும் சரியானது.

மூன்றாவது வெயில். இரவில் பூச்சிகள், ஆகவே பகல் நல்லது என்று நினைக்கத் தோன்றும். காலை வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து "டக், டக்" என்று சொடுக்கும். மாலையில் குளிரும்போது மறுபடியும். ஸ்வீப் நடுவே ஒரு சொடுக்கு விழுந்தால் ஐ.ஆர்.-இல் அது சொடுக்காகத் தெரியாது. கணக்கு அதைத் தலைகீழான ஸ்வீப்பாக மாற்றிவிடும்: உச்சத்திலிருந்து கீழே வழுக்கி இறங்கும் ஒரு விசில். பிறர் எடுத்த ஐ.ஆர்.-இலும் இந்த விசில் கேட்டால், அங்கே எதுவோ கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சூரியன் ஏறுமுன், வைகறைப் பூச்சிகள் அடங்கிய பிறகு, அல்லது மேகம் மூடிய நாள் என்று நேரம் பார்க்க வேண்டியிருந்தது. பல ஸ்வீப்புகளை எடுத்துச் சராசரி போடலாம் என்றால், இடையில் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் மாறி, பின்வால் ஒன்றோடொன்று பொருந்தாமல் உயர் அதிர்வெண் மங்கிவிடும். சுத்தமான ஒற்றை நீள ஸ்வீப்பே மேல்.

அரைச்சுவர்களுக்கு இடையிலும் ஒரு தொல்லை இருந்தது. 10 மீட்டர் தள்ளி எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்கள். மிருதங்க இடத்தில் ஸ்பீக்கரைத் தாழ்த்தி வைத்ததும் ஒலி அவற்றுக்கு நடுவே 57 மில்லிவிநாடிக்கு ஒருமுறை போய்வந்தது. குரலில் தெரியாது. மிருதங்கத்தின் ஒவ்வொரு "தி"யும் "திதிதிதி" ஆகிவிடும். திருவிழாவில் மக்கள் நடுவே உட்கார்ந்திருப்பதால் அந்தத் துள்ளல் யார் காதிலும் விழுந்ததில்லை. எனவே கோவில் கம்பளங்களை அரைச்சுவரில் தொங்கவிட்டு மிருதங்க இடத்தை அளந்தது பொய்யல்ல. நிரம்பிய மண்டபத்துக்கு அதுதான் நெருக்கம்.

கோப்பைச் செதுக்குதல்

ஸ்வீப்பை ஐ.ஆர். ஆக்குவதற்கு ரூம் ஈ.க்யூ. விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம், பதிந்த ஸ்வீப்பை இறக்குமதி செய்து, ஐ.ஆர்.-ஐ வேவ் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் வாக்ஸெங்கோ டீகன்வால்வர், மேக்கில் லாஜிக்கோடு வரும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் யூட்டிலிட்டி ஆகியவையும் இதே வேலைக்குத்தான். எதில் செய்தாலும் நார்மலைஸை (ஒலி அளவைத் தானாக உச்சத்துக்கு ஏற்றும் வசதி) அணைத்துவிட வேண்டும். நான்கு இடங்களுக்கும் இடையே உள்ள அளவு வித்தியாசம்தான் தவில் தூரத்தில் இருக்கிறது, பாடகர் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்கிறது. ஒவ்வொன்றையும் உச்சத்துக்கு இழுத்தால் எல்லாரும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அளவைக் கூட்டவேண்டுமென்றால் எல்லாக் கோப்புக்கும் ஒரே அளவு கூட்டலாம்.

அடுத்தது முன்பக்கம். ஐ.ஆர்.-இல் முதலில் வருவது ஸ்பீக்கரின் நேரடி ஒலி. டிரை குரலும் அதுவே என்பதால் இரண்டையும் கலந்தால் சில அதிர்வெண்கள் வெட்டுப்பட்டு, குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். நேரடி ஒலியை நீக்க வேண்டும், ஆனால் காலத்தைக் குலைக்காமல். மைக்குக்கு வர எடுத்த 8.6 மில்லிவிநாடி வெறுமையை வெட்டலாம். அதன்பின் வரும் நேரடித் தட்டை வெட்டக்கூடாது, மௌனமாக்க வேண்டும். தரையில் பட்டு வரும் ஒலி 2 மில்லிவிநாடி கழித்து வருகிறது. ஆகவே மௌனம் அந்த 2 மில்லிவிநாடிக்குள் முடிந்தாக வேண்டும். தட்டையும் சேர்த்து வெட்டி எறிந்துவிட்டால் மூலஸ்தானச் சுவரின் 23 மில்லிவிநாடி குறுகிப்போகும். அவ்வளவு பாடுபட்டு ஸ்பீக்கரைத் திருப்பியது வீண்.

பின்பக்கம் இரைச்சல். இங்கே ஸ்வீப் மண்டப இரைச்சலுக்கு 55 டெசிபெல் மேலே நின்றது. 1.8 விநாடியில் 60 டெசிபெல் இறங்கும் மண்டபத்தில் அது 1.65 விநாடியில் இரைச்சலைத் தொடும். அப்படியே விட்டால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் "ஹிஸ்" என்று ஒரு மூச்சு தொடரும். 1.4 விநாடியில் தொடங்கி 1.7-இல் முழுதாக மங்கவிட்டு, அதற்குப் பிறகு வெட்டிவிடலாம். பூச்சியின் கீச்சு 4, 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் முன்பே முழக்கத்தை மூடிவிடும் என்பதால் 1 விநாடிக்குப் பிறகு மேல் அதிர்வெண்களைச் சிறிது சிறிதாக இறக்குவது தனி வேலை.

இனிதான் இந்தப் பணியின் முக்கியமான திருத்தம். அளந்தது காலி மண்டபம். குழு நினைவில் வைத்திருப்பதோ ஆட்கள் நிரம்பிய மண்டபம். தரையில் உட்கார்ந்த ஒருவர் ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர் உறிஞ்சுவதாகக் கொண்டால் 80 பேருக்கு 32. மொத்தம் 112; முழக்க நேரம் 1.3 விநாடியாகக் குறைகிறது. ரிவர்ப் பிளகினில் (ஒலிக்கலவை மென்பொருளுக்குள் ஓடும் துணை நிரல்) இருக்கும் "லெங்த்" அல்லது "ஸ்ட்ரெச்" குமிழைத் திருகி 1.8-ஐ 1.3 ஆக்கக்கூடாது. அது கோப்பு முழுவதையும் சுருக்கும்: 23 மில்லிவிநாடி 17-க்குக் குறைந்து மண்டபமே சிறுத்துவிடும், அதிரும் சுருதிகளும் மேலே ஏறும். காலத்தைத் தொடாமல் அளவை மட்டும் இறக்க வேண்டும். 60 ÷ 1.3 கழித்தல் 60 ÷ 1.8 என்றால் விநாடிக்கு 12.8 டெசிபெல் கூடுதல் சரிவு. எடிட்டரின் என்வலப்பில் (ஒலி அளவைக் காட்டும் கோடு) கால் விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் முந்தியதைவிட 3.2 டெசிபெல் தாழ்த்தினால் முடிந்தது. ஆட்கள் உயர் அதிர்வெண்ணை அதிகம் உறிஞ்சுவார்கள் என்பதால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரிவை இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

மாடியறை

அறை 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.8. ரிவர்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிரை பதிவில் இந்த அறை ஒட்டிக்கொண்டிருந்தால், கோவிலுக்குள் ஒரு டப்பா வைத்து அதற்குள் பாடகரை உட்காரவைத்த கதைதான். சின்ன அறையின் முதல் எதிரொலிகள் 10 மில்லிவிநாடிக்குள் வந்துவிடும். அவையும் குரலோடு சேர்ந்து கன்வல்யூஷனுக்குள் போய் மண்டபம் முழுக்கப் பரவும். பின்னால் ஈ.க்யூ. (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் திருத்தம்) போட்டு இதை எடுக்க முடியாது.

முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியாய்ட் மைக்கை வாய்க்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, மெத்தையைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். பலர் மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். மைக் பார்ப்பது பாடகரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். தடுக்கவேண்டியதும் அந்தச் சுவரிலிருந்து திரும்பி வருவதைத்தான். தலைக்கு மேலே ஒரு கம்பளமும் தொங்கினால் இன்னும் நல்லது.

டிரை அறையில் பாடுபவர்கள் வரி முடிவில் நிற்காமல் அவசரப்படுவார்கள். கோவில் பதில் சொல்லும் இடைவெளி அங்கே இல்லையே. ஹெட்ஃபோனில் அதே ஐ.ஆர்.-ஐக் கொடுத்தால் தாமாகவே நிதானப்படுவார்கள். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிவிநாடி; பிளகினைத் தாமதமற்ற முறையில் வைத்தால் சிரமம் இல்லை. பதிவது டிரை மட்டும்.

கலவை

ரீப்பர் என்ற ஒலிக்கலவை மென்பொருளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பஸ் (பல டிராக்குகள் சேரும் தடம்), அதில் அந்த மென்பொருளோடு வரும் ரியாவெர்ப் (ReaVerb) பிளகின், கோப்பு ஏற்றி வெட் (முழக்கம் சேர்ந்த ஒலி) முழுவதும், டிரை பூஜ்யம். டிராக்கிலிருந்து சென்ட் (ஒலியின் ஒரு பங்கை பஸ்ஸுக்கு அனுப்பும் வழி). சாம்பிள் ரேட்டை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்: 44.1-இல் உள்ள ஐ.ஆர்.-ஐ மாற்றாமல் 48-இல் ஓட்டும் பிளகின் 1.8 விநாடியை 1.65 ஆக்கிவிடும், மண்டபத்தின் சுருதியும் ஏறும். பெரும்பாலானவை தாமாக மாற்றிக்கொள்ளும். பழையவற்றில் சந்தேகம் வேண்டும்.

தாளமில்லாத விருத்தத்துக்கு வெட் ஒலி டிரையைவிட 8 டெசிபெல் கீழே நன்றாக நின்றது. வல்லின மெய்கள் அடுக்கி வரும் சந்தப் பாட்டுக்கு அதே அளவு சொல்லைக் கரைத்துவிடும். 14 டெசிபெல் கீழே போதும். ஐரோப்பியக் கல் தேவாலயங்களின் ஐ.ஆர்.கள் இலவசமாகக் கிடைக்கின்றன, யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பு அருமையானது. ஆனால் அந்த நீண்ட முழக்கங்களில் சந்தப் பாட்டைப் போட்டால் எதுகை எங்கே, மோனை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

மிருதங்கத்தின் சென்ட்டில் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. தொப்பியின் கும்கி (இடப்பக்கத்துத் தாழ்ந்த நாதம்) மண்டபத்தில் தேங்கி அடுத்த அடியை மூடாமலிருக்க. சுருதிப் பெட்டிக்குச் சென்ட்டே கிடையாது. ஓயாமல் ஒலிக்கும் ஒன்றை ரிவர்ப்பில் விட்டால் மண்டபம் எப்போதும் நிரம்பியே இருக்கும். பாட்டு நின்று முழக்கம் தேய்வது கேட்கவே கேட்காது. ஜால்ராவுக்குப் பின்பாட்டு இடத்து ஐ.ஆர்., மிகக் குறைவாக.

கடைசியில் மோனோவில் கேட்டாக வேண்டும். இந்தத் தொகுப்பைக் கேட்கப்போகிறவர்களில் பாதிப் பேர் கைப்பேசி ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். 40 சென்டிமீட்டர் இடைவெளி மைக்குகள் மோனோவில் சேரும்போது குரல் நடுப்பகுதி சற்று மெலியும். அதிகம் மெலிந்தால் வலப்பக்க வெட் ஒலியைக் கொஞ்சம் இறக்கினால் தேறும்.

புது மண்டபம் எழுந்த பிறகு இந்த ஐ.ஆர்.-ஐ அங்குள்ள ஒலிபெருக்கியில் போடலாமா என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. போடக்கூடாது. 60 சதுர மீட்டர் திறப்பு மூடப்பட்டால் முழக்கம் பலமடங்கு கூடும். அதன்மேல் பழைய மண்டபத்தையும் ஏற்றினால் அர்ச்சனையில் சொல்லும் பெயரும் நட்சத்திரமும்கூடப் புரியாது. அந்தப் பணத்தைக் கூரையின் உட்புறத்தில் ஒலி உறிஞ்சும் பலகைக்குச் செலவிடலாம். 40 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு கிடைத்தாலே பேச்சு தெளியத் தொடங்கும். பழைய மண்டபத்துக்கு வேண்டியது பாதுகாப்பு: வெட்டாத மூல ஸ்வீப் பதிவுகள், ஒலித்த ஸ்வீப் கோப்பு, ஸ்பீக்கரும் மைக்கும் இருந்த இடங்களை அளவோடு குறித்த தரைப்படம், அன்றைய வெப்பநிலை, கதவும் கம்பளமும் இருந்த நிலை. இவை மூன்று பிரதிகளாக, ஒன்று கோவில் நிர்வாகத்திடமே. செதுக்கிய ஐ.ஆர்.-ஐ எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம், மூல ஸ்வீப் கைவசம் இருந்தால்.